கேட்பாரில்லா நேரத்தில் கணிப்பொறி கூப்பிட்டால்?

இரவு பத்து மணி. பள்ளி உறங்குகிறது. வகுப்பறைகள் பூட்டப்பட்டுவிட்டன. மடத்தில் இரவு செபம் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. நூலகத்தின் மூலையில் ஒரே ஒரு கணிப்பொறி மட்டும் விழித்திருந்து, நாம் இட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அவ்வேளையில் அதற்கு ஓர் இடையூறு நேர்ந்தால் அது யாரிடம் சொல்லும்? சொன்னாலும் கேட்பவர் யார்?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி மிகப் பெரிய கேள்வி என்பதை நாங்கள் இவ்வாண்டு அனுபவத்தில் அறிந்தோம். அறிந்ததை அன்பு வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நூலகத்தில் நடந்தது

எங்கள் பள்ளி நூலகத்துப் புத்தகப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் தரப்பட்டது. உணவு இடைவேளைகளில் இருவர் இருவராக அமர்ந்து நூலின் பெயர், ஆசிரியர், விலை, வரிசை எண் ஆகியவற்றைத் தட்டெழுதி வந்தோம். மாலையில் பள்ளி விட்டபின், அன்றைய வேலையைக் கணிப்பொறி தானாகவே மற்றொரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கும்படி எங்கள் கணிப்பொறி ஆசிரியை ஏற்பாடு செய்திருந்தார்.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் காலையில் திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரிகள், கீழே ‘ஓகே’ என்றொரு பொத்தான். அவசரத்தில் இருந்த நாங்கள் அதைப் படிக்காமலே ஓகேயை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கினோம். மறுநாளும் அதே பெட்டி. மறுநாளும் அதே ஓகே. இப்படிப் பதினொரு நாட்கள்! பன்னிரண்டாம் நாள் திடீரென்று மின்சாரம் போய் வந்தது. அதன்பின் அந்தக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் உயிர் பெறவே இல்லை.

“நகல்தான் இருக்கிறதே!” என்று நிம்மதியாக மற்ற டிஸ்க்கைத் திறந்து பார்த்தோம். அதில் பதினொரு நாட்களுக்கு முந்திய பதிவு மட்டுமே இருந்தது. நகல் வைக்க இடமில்லை என்பதைத்தான் அந்தப் பெட்டி ஒவ்வொரு காலையும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட நூல்களை மறுபடியும் முதலிலிருந்து பதிய வேண்டியதாயிற்று.

நூலகச் சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. “பிள்ளைகளா, அது தினமும் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் நமக்கு நேரமில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களோடு தாமும் அமர்ந்து நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பிழைச் செய்தி எதற்காக?

தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாதபோது, அதைத் தெரிவிக்கக் கணிப்பொறி காட்டும் அறிவிப்பே பிழைச் செய்தி எனப்படும். நல்ல பிழைச் செய்தி மூன்று விவரங்களைத் தர வேண்டும். என்ன நடந்தது? ஏன் நடந்தது? இனி என்ன செய்ய வேண்டும்?

எதிரே ஆள் அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்குத் திரையில் ஒரு பெட்டியைக் காட்டுவது போதும். ஆனால் இன்று உலகில் எத்தனையோ கணிப்பொறிகளுக்கு எதிரே யாருமே அமர்வதில்லை. வங்கி ஏ.டி.எம்., விமான நிலையத்து அறிவிப்புப் பலகை, நிறுவனங்களின் சர்வர்கள், விண்வெளியில் பறக்கும் கலங்கள் ஆகியன யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆளில்லாத அறையில் பெட்டியைக் காட்டிவிட்டு ஓகேக்காகக் காத்திருப்பது, பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதற்கு ஒப்பாகும்.

பழைய கணிப்பொறிகளில் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. கீ போர்டு இணைக்கப்படவில்லை என்று அறிவித்துவிட்டு, தொடர வேண்டுமானால் எஃப் 1 விசையை அழுத்துக என்று அது கேட்கும். இல்லாத கீ போர்டில் எந்த விசையை அழுத்துவது? சிரிப்பு வந்தாலும், கீ போர்டு இல்லாமல் மூலையில் வைக்கப்பட்ட சர்வருக்கு இது சிரிப்பல்ல. மின்சாரம் போய் வந்தபின் அது எழுந்திருக்காமல் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அதனால்தான் இத்தகைய சிறு பிழைக்கெல்லாம் நிற்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் வசதியைக் கணிப்பொறியின் தொடக்க அமைப்புகளில் வைத்தார்கள்.

முதற்படி: நிற்காதே, எழுதி வை

விண்டோஸ் அமைப்பில் ‘எர்ரர் மோட்’ என்றொரு அமைப்பு இருப்பதாக எங்கள் ஆசிரியை காட்டினார். அதற்கு 0, 1, 2 என மூன்று மதிப்புகள் உண்டு. மதிப்பு 0 ஆனால், அமைப்பில் பெரும்பிழை நேரும்போது திரையில் பெட்டி தோன்றும். யாராவது பதில் சொல்லும்வரை காத்திருக்கும். மதிப்பு 1 ஆனால், அமைப்பிலேயே தோன்றும் பிழைகள் மட்டும் பெட்டியில்லாமல் குறிப்பேட்டில் எழுதப்படும். மதிப்பு 2 ஆனால், எந்தப் பெட்டியும் தோன்றாது. எல்லாம் ‘ஈவென்ட் லாக்’ எனப்படும் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, ஓகே அழுத்தியதாகவே கொள்ளப்படும். ஆளில்லாக் கணிப்பொறிக்கு ஏற்றது இந்த மூன்றாவது முறையே. தனித்தனி நிரல்கள் தாமே காட்டும் பெட்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு அந்தந்த நிரலிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆனால் தோழியரே, இங்கே ஓர் எச்சரிக்கை தேவை! பெட்டியை மறைத்துவிட்டால் பிழை தீர்ந்துவிட்டது என்று எண்ணலாகாது. பதினொரு நாள் நாங்கள் கையால் செய்த தவற்றை, இப்போது கணிப்பொறியே நமக்காகச் செய்யும். அவ்வளவுதான் வேறுபாடு. குறிப்பேட்டை யாராவது படித்தால்தான் எழுதியதற்குப் பயனுண்டு.

இரண்டாம்படி: முடிந்தால் நீயே எழுந்திரு

ஆளில்லாக் கணிப்பொறிகளில் ‘வாட்ச்டாக்’, அதாவது காவல் நாய், என்னும் ஒரு கடிகாரம் வைப்பதுண்டு. கணிப்பொறி நலமாக இருக்கும்வரை குறித்த நேரத்துக்குள் அக்கடிகாரத்தைத் தொட்டுத் தொட்டு மறுபடி ஓடவிடும். தொட மறந்தால், கணிப்பொறி எங்கோ சிக்கிக்கொண்டது என்று உணர்ந்து, காவல் நாய் அதை முதலிலிருந்து இயங்கச் செய்துவிடும்.

இதன் அருமையை உலகம் 1997-ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி அவ்வப்போது தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கிற்று. காரணம் என்ன? ஓர் உவமையால் விளக்குவோம். தலைமையாசிரியைக்கு ஆய்வகச் சாவி உடனே வேண்டும். சாவியோ முதல் வகுப்புக் குழந்தையின் கையில் இருக்கிறது. அக்குழந்தை சாவியைத் தர வரும்போதெல்லாம் பெரிய வகுப்பு மாணவியர் அதைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விடுகின்றனர். அதனால் யாவரிலும் முதன்மையான தலைமையாசிரியையே காத்திருக்கிறார்! அதுபோலவே, வானிலை விவரம் சேர்க்கும் சிறு பணி ஒரு பொதுப் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்க, அதை விட உயர்ந்த பணி காத்துக் கிடந்தது. நேரம் கடந்ததும் காவல் கடிகாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

பூமியிலிருந்த பொறியாளர்கள் அதே போன்ற இன்னொரு கணிப்பொறியைத் தங்கள் ஆய்வகத்தில் இயக்கி, அதே பிழை வரும்வரை பார்த்தார்கள். அது நேர்ந்தபோது கிடைத்த குறிப்புகளைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். காவல் நாய் கலத்தை உயிரோடு வைத்திருந்தது. நோயைக் குணப்படுத்தியவர்களோ மனிதர்கள்.

மறுதொடக்கம் எல்லா நோய்க்கும் மருந்தாகாது என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நாமே கண்டோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு கோப்பு, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியாயிற்று, 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடங்களில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. பல கணிப்பொறிகள் எழுந்தன, நீலத் திரை காட்டின, விழுந்தன, மறுபடி எழுந்தன, மறுபடி விழுந்தன. விமான நிலையப் பலகைகளில் விமானங்களின் நேரத்துக்குப் பதிலாக நீலத் திரை! நம் நாட்டிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தந்தார்கள். பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய ஓர் ஆள் அந்தக் கணிப்பொறியின் முன் சென்று அமர்ந்து, பாதுகாப்பு முறையில் இயக்கி, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

மூன்றாம்படி: வேண்டியபோது மட்டும் கூப்பிடு

தானே தீர்க்க முடியாததைக் கணிப்பொறி மனிதரிடம் சொல்லியாக வேண்டும். இதற்கு மின்னஞ்சல், குறுஞ்செய்தி, மணியோசை எனப் பல வழிகள் உண்டு. யூனிக்ஸ் அமைப்பில் குறித்த நேரத்தில் தானே ஓடும் பணிகள் ஏதேனும் சொல்ல விரும்பினால், அதைத் தன் உரிமையாளருக்குக் கடிதமாக அனுப்பிவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது.

ஆனால் அடிக்கடி கூப்பிட்டால் என்னாகும்? ‘புலி வருது, புலி வருது’ கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அக்கதை ஒரு மருத்துவமனையில் உண்மையாகவே நடந்தது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பொறி. அதைக் கணிப்பொறி இயக்கியது. பொறி அடிக்கடி சிறு சிறு பிழைகளைக் காட்டும். இயக்குபவர் ‘பி’ என்னும் விசையை அழுத்தித் தொடர்வார். 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. அந்த எண்ணுக்குப் புரியும்படியான விளக்கம் எங்குமில்லை. இயக்கியவர் பழக்கப்படி ‘பி’யை அழுத்தினார். அன்று சிகிச்சை அறையைக் காட்டும் கேமராவும் பேச்சுக் கருவியும் வேலை செய்யவில்லை. உள்ளே இருந்த நோயாளிக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு இருமுறை பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.

இதைப் படித்தபோது எங்கள் ஓகே பொத்தான் எங்களுக்கு நினைவு வந்தது. நாங்கள் இழந்தது நானூறு வரிகளை மட்டுமே. ஆனால் விரல் செய்த தவறு அதே தவறுதான் அன்றோ?

நான்காம்படி: மௌனத்தையும் கவனி

‘மௌனம் சம்மதம்’ என்பது நம் வழக்கு. கணிப்பொறி உலகில் இதை நம்பக் கூடாது. இதற்கு இரண்டு சான்றுகள் தருகிறோம்.

முதலாவது, 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்தது. ஒஹாயோ மாநில மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கும் நிரல் பிற்பகல் 2.14 மணிக்கு ஓசையின்றி நின்றுவிட்டது. மணி அடிக்கவில்லை; ஆகவே எல்லாம் நலம் என்று ஊழியர்கள் எண்ணினர். சற்று நேரத்தில் சர்வர் ஒன்று நின்றபோது கணிப்பொறிப் பிரிவினருக்குத் தானியங்கிச் செய்தி போனது. அவர்கள் சர்வரை மறுபடி இயக்கினார்கள். மணி அடிக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையினரிடம் கேட்கவில்லை. இதற்கிடையே 3.05 முதல் 3.41-க்குள் மூன்று உயர் அழுத்த மின்தடங்கள் மரங்களில் உரசி அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர்.

இரண்டாவது, வாயேஜர் 2 விண்கலம். 1977 ஆகஸ்டு 20-ல் புறப்பட்ட அக்கலத்துக்கு ஓர் ஒழுங்கு கற்பிக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து 7 நாட்கள் எந்தக் கட்டளையும் வராவிட்டால், தன் வானொலி ஏற்பி கெட்டுவிட்டது என்று கொண்டு மாற்று ஏற்பிக்கு மாறிவிட வேண்டும். 1978 ஏப்ரலில் வேறு வேலையில் மூழ்கிய பொறியாளர்கள் ஒரு வாரம் கட்டளை அனுப்பத் தவறினர். கலம் உடனே மாற்று ஏற்பிக்கு மாறியது. அந்த ஏற்பியோ பழுதுபட்டிருந்தது! பூமியின் குரலை அதனால் சரியாகப் பின்பற்ற முடியவில்லை. 12 மணி நேரம் பார்த்துவிட்டுக் கலம் முதல் ஏற்பிக்கே திரும்பியது. சிறிது நேரத்தில் அதுவும் கெட்டது. மறுபடியும் 7 நாள் மௌனம். மறுபடியும் கலம் தானே மாற்று ஏற்பிக்கு வந்தது. இம்முறை பொறியாளர்கள் அந்தப் பழுதுக்கு ஏற்றபடி தங்கள் அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஒற்றைச் செவியோடுதான் வாயேஜர் 2, வியாழனை 1979-லும், சனியை 1981-லும், யுரேனசை 1986-லும், நெப்டியூனை 1989-லும் கண்டு படமெடுத்து அனுப்பியது.

ஒஹாயோவில் மனிதர்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். விண்வெளியில் பொறி மௌனத்தைச் செய்தியாக எடுத்துக்கொண்டது. ஒஹாயோவில் இருள் சூழ்ந்ததும், விண்வெளியில் பயணம் தொடர்ந்ததும் இந்த வேற்றுமையால்தான்.

நாம் செய்யக் கூடியவை

பள்ளியிலும் வீட்டிலும் கணிப்பொறியைத் தனியே வேலை செய்ய விட்டுப் போகும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. பெட்டி தோன்றினால் படிக்காமல் ஓகே அழுத்தக் கூடாது. புரியாவிட்டால் அப்படியே தாளில் எழுதிக்கொண்டு, அறிந்தவரிடம் கேட்க வேண்டும்.

2. ஆளில்லாத நேரத்தில் ஓடும் பணி, யாருடைய பதிலுக்கும் காத்து நிற்காதபடி முன்பே அமைக்க வேண்டும்.

3. பிழைகள் எழுதப்படும் குறிப்பேட்டைப் படிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

4. அற்பக் காரியத்துக்கெல்லாம் கூப்பிடும் அறிவிப்புகளைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் உண்மையான அபாயக் குரல் காதில் விழும்.

5. வேலை முடிந்ததும் ‘நலம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். அந்த வரி வராத நாளில் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

6. நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

எங்கள் நூலகக் கணிப்பொறியின் அருகில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. அன்றன்றைக்குப் பொறுப்பான மாணவி தேதியிட்டு, நகலில் உள்ள கடைசிப் புத்தகத்தின் வரிசை எண்ணை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நகலைத் திறந்து பார்க்காமல் அந்த எண்ணை எழுத முடியாது! இது நூலகச் சிஸ்டரின் யோசனை.

முடிவாக ஒன்று. மத்தேயு நற்செய்தியில் இயேசு ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அறிவிலிகள் ஐவர் மட்டுமே தூங்கினார்கள் என்று நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். மறைக்கல்வி வகுப்பில் மறுபடி வாசித்தபோதுதான் கவனித்தோம். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள்! இரவெல்லாம் கண் விழிக்க யாராலும் முடியாது. நள்ளிரவில் குரல் கேட்டபோது ஐவர் எழுந்து விளக்கேற்ற முடிந்ததற்குக் காரணம், பகலிலேயே எண்ணெய் எடுத்து வைத்திருந்ததுதான்.

கணிப்பொறியை விட்டுவிட்டு நாமும் உறங்கத்தான் போகிறோம், அது தவறில்லை. போகுமுன் எண்ணெய் எடுத்து வைத்தோமா என்பதே கேள்வி.